மீதிப் படம்

காலை ஒன்பது மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. பேருந்து நிலையத்தில் எல்லாக் கண்டக்டர்களும் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருக்க, ஏழாம் நம்பர் நிறுத்தத்தில் நின்ற ஒருவர் மட்டும் படத்தின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டாவது வளைவு... பன்னிரண்டாவது வளைவு... நேத்து ரிலீஸ், இன்னிக்கு நம்ம வண்டில. ஏறுங்க, ஏறுங்க. உக்காந்தா இறங்க மனசு வராது."

அந்தத் தடத்தில் அவரைப் 'படக் கண்டக்டர்' என்றால்தான் தெரியும். ஆறு மணி நேரப் பயணம். முன்னாலும் பின்னாலும் புது வண்டிகள் ஓடின, சாய்ந்து படுக்கும் இருக்கை வைத்த வண்டிகளும் ஓடின. இவருடைய வண்டியோ மலை ஏறும்போது முனகும்; பள்ளத்தில் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடிக்கும். ஆனாலும் முதலில் நிரம்புவது இந்த வண்டிதான். காரணம், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியில் மாட்டியிருந்த டிவி. தியேட்டருக்கு வந்த மறுநாளே எந்தப் படமானாலும் அதில் ஓடும். நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருந்தவர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடுவார். இதில் நம் கண்டக்டருக்குக் கொள்ளைப் பெருமை. தானே படம் எடுத்து வெளியிட்டதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவார்.

டிரைவர் அவருடைய தங்கையின் கணவர். பதினோரு வருடமாக அந்தத் தடத்தில் எத்தனையோ படங்களைக் காதால் கேட்டிருக்கிறார். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. படம் ஓடுவது முதுகுக்குப் பின்னால், சாலை இருப்பது முகத்துக்கு முன்னால்.

"மாப்ள, இன்னிக்கு லாரி ஓட்டற பொண்ணோட கதையாம். உங்களுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு" என்றார் கண்டக்டர்.

"எடுத்து என்ன மச்சான், எனக்குப் பாட்டும் அடிதடிச் சத்தமும்தானே. வழக்கம்போல யாரு விழுந்தா, யாரு எந்திரிச்சான்னு நீங்கதான் சொல்லணும்."

அப்போதுதான் ஒரு பெண் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. வண்டியின் படியருகே வந்தவர், கண்டக்டர் கூவுவதைக் கேட்டுச் சட்டென்று நின்றார்.

"என்ன படம்னு சொன்னீங்க?"

"பன்னிரண்டாவது வளைவும்மா. நேத்துதான் வந்துது. உங்களுக்கு நல்ல யோகம், முன்சீட்டு ஒண்ணு காலியா இருக்கு. காலை நீட்டிக்கலாம், படமும் கண்ணுக்கு நேரா தெரியும்."

அந்தப் பெண் பக்கத்து வண்டிகளைத் திரும்பிப் பார்த்தார். எதிலும் கால் நீட்ட இடமிருப்பதாகத் தெரியவில்லை. கையை நீட்டினார். கண்டக்டர் பக்குவமாகப் பிடித்து ஏற்றி, முன்சீட்டில் உட்காரவைத்து, தன் பையையே மடித்துக் காலுக்கு அடியில் வைத்தார். ஆள் அப்படி. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

வண்டி ஊரைத் தாண்டியதும் டிக்கெட் போட்டுக்கொண்டே பின்னால் போனார். கடைசி வரிசையில் தொப்பி போட்ட ஒருவர், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தார். கண்டக்டர் தோளைத் தொட்டார்.

"ஐயா, தூக்கம் அப்புறம். டிக்கெட்?"

தொப்பிக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "வண்டி எப்படியும் போகத்தான் போகுது கண்டக்டர். இந்த சீட்டும் காலியாத்தான் கெடந்துது. நான் உக்காந்ததால என்ன தேஞ்சு போச்சு?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. டீசல் யாரு ஊத்தறது? விடிஞ்சதுல இருந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டிருக்காரே எங்க மாப்ள, அவருக்குச் சம்பளம் வானத்துல இருந்தா விழுது? நூறு பேரும் உங்கள மாதிரி நெனச்சா, நாளைக்கு இந்த ரோட்டுல வண்டியே இருக்காது. எடுங்க எடுங்க."

தொப்பிக்காரர் அசடு வழியச் சிரித்துவிட்டுக் காசை எடுத்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். கண்டக்டர் வெற்றி வீரராக முன்னால் வந்து பொத்தானை அழுத்தினார்.

படம் தொடங்கியது. யாரோ தியேட்டரில் உட்கார்ந்து செல்போனில் பிடித்த படம். அடிப்பக்கம் ஒரு தலை அடிக்கடி எழுந்து மறைத்தது. இடையிடையே யாரோ இருமினார்கள். சூதாட்ட விளம்பரம் ஒன்று கதாநாயகியின் முகத்துக்குக் குறுக்கே ஊர்ந்து போனது. வண்டியிலிருந்தவர்களுக்கு அதெல்லாம் பழக்கம். ஐந்தாவது நிமிடத்திலேயே எல்லோரையும் கதை பிடித்துக்கொண்டது.

மலைமேல் இருக்கும் ஊரில் நோய் பரவுகிறது. மருந்துப் பெட்டியோடு ஒரு லாரி ஏற வேண்டும். பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகள். மருந்தைப் பறித்து விலையேற்றி விற்க நினைக்கும் கூட்டம் ஜீப்பில் துரத்துகிறது. லாரியை ஓட்டுவது ஒரு பெண், பக்கத்தில் அவளுடைய தம்பி. மூன்றாவது வளைவில் டயர் வெடித்தது. ஆறாவது வளைவில் மழை பிடித்தது. எட்டாவது வளைவில் மருந்துப் பெட்டி எதிரிகளின் கைக்குப் போனது.

ஜவுளி வியாபாரி ஒருவர், துணி மூட்டையை மடியில் வைத்திருந்தவர், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். "விடாதே, விடாதே, அந்த ஜீப்பை விடாதே" என்று திரையைப் பார்த்து உத்தரவு போட்டார். இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ் ஒருவர், வண்டியில் ஏறியதும் தூங்கிவிட வேண்டும் என்று வந்தவர், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், ஒரே சத்தமா இருக்கு? என்ன ஆச்சு?" என்று முன்னாலிருந்து டிரைவர் கேட்டார்.

"தம்பிகிட்ட ஸ்டியரிங்கைக் குடுத்துட்டா மாப்ள. லாரி கூரை மேல ஏறிட்டா. ஜீப்பு பக்கத்துல வருது... குதிக்கப் போறா... குதிக்கப் போறா..."

ஒன்பதாவது வளைவில், ஓடும் லாரியின் கூரையிலிருந்து ஓடும் ஜீப்பின் மேல் அவள் குதித்தாள். வண்டியே அதிரும்படி கைதட்டல். ஜவுளிக்காரர், "இன்னொரு தடவை போடுங்க கண்டக்டர்" என்றார். கண்டக்டர் பின்னால் ஓட்டிவிட்டுப் போட்டார். மறுபடியும் கைதட்டல். "இன்னொரு தடவை" என்றது மொத்த வண்டியும். மூன்றாவது முறை அவள் குதித்தபோது முன்சீட்டிலிருந்த பெண் தன் மாவுக்கட்டை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டர் பதறிப்போனார். "வலிக்குதாம்மா? வண்டி குலுக்கிடுச்சா?"

"இப்போ வலிக்கல. அப்போதான் வலிச்சுது."

"எப்போ?"

அந்தப் பெண் திரையைக் காட்டினார். "அந்தக் குதியில."

கண்டக்டர் திரையைப் பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு கை தானாகப் படத்தை நிறுத்தியது. அதற்குள் படம் பத்தாவது வளைவுக்குப் போயிருந்தது.

"அது... அது நீங்களா?"

"முகம் கதாநாயகியோடது. குதிச்சது நான். அவங்களுக்கு நான்தான் டூப்."

அடுத்த நிமிடம் அந்த வண்டியில் நடந்ததைச் சொல்லி மாளாது. கண்டக்டர் திரும்பி, "எல்லாரும் கேளுங்க, அந்தக் குதி குதிச்சவங்க நம்ம வண்டில, இதோ இந்தச் சீட்டுல" என்று தொண்டை கிழியக் கத்தினார். பின்சீட்டுக்காரர்கள் முன்னால் நெருக்கியடித்து வந்தார்கள். ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள். நர்ஸ் மட்டும் முதலில் காலைத் தொட்டுப் பார்த்தார். டிரைவர் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டே எழுந்து வந்தார். "ஏம்மா, ஓடற வண்டிலயா குதிச்சீங்க? நெசமாவே ஓடற வண்டிலயா?"

"நெசமாத்தான் அண்ணே. மூணு தடவை சரியா விழுந்தேன், கேமராக்குப் பிடிக்கல. நாலாவது தடவை ஜீப்பு ஒரு சாண் தள்ளிப் போயிடுச்சு. எலும்பு ரெண்டு இடத்துல போச்சு. நீங்க பாத்தது அந்த நாலாவதுதான்."



"அப்போ உங்களுக்கு அள்ளிக் குடுத்திருப்பாங்களே" என்றார் ஜவுளிக்காரர்.

அந்தப் பெண் சிரித்தார். "சின்னப் படம் ஐயா. டைரக்டர் தன் வீட்டை வச்சு எடுத்தாரு. எங்கள்ல யாருமே முழுச் சம்பளம் வாங்கல. பாதி முன்னாடி, மீதி படம் ஓடினதுக்கப்புறம்னு பேச்சு. முதல் வாரம் கூட்டம் வந்தாத்தான் ரெண்டாவது வாரம் தியேட்டர்ல வச்சிருப்பாங்க. நேத்து சாயங்காலமே இது எல்லார் போன்லயும் வந்துடுச்சு. இன்னிக்குக் காலை ஷோவுக்குப் பதினோரு பேருதான் டிக்கெட் வாங்கியிருக்காங்களாம். இந்தக் கால்ல வச்ச கம்பியை எடுக்கறதுக்கு அந்த மீதியைத்தான் நம்பியிருக்கேன்."

கண்டக்டரின் கையிலிருந்த ரிமோட் திடீரென்று கனத்தது.

"நீங்க ஏறும்போதே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லணும்னுதான் நெனச்சேன்." அவர் குரல் தாழ்ந்தது. "நேத்து ரிலீஸ் அன்னிக்கு எனக்கு ஆஸ்பத்திரில கட்டு மாத்திட்டிருந்தாங்க. நான் இன்னும் என் படத்தைப் பாக்கல. இந்த வண்டி போற ஊர் தியேட்டர்ல எங்க ஆளுங்களோட பாக்கத்தான் போயிட்டிருக்கேன். இங்க ஓட ஆரம்பிச்சதும், தப்புன்னு தெரிஞ்சும் கண்ணை எடுக்க முடியல. நீங்க எல்லாரும் கைதட்டினப்போ எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். ஆனா கைதட்டின ஒருத்தரும் இனிமே தியேட்டர் பக்கம் வரமாட்டீங்கன்னு தோணிச்சு. அப்போதான் கால் வலிச்ச மாதிரி இருந்துது."

கண்டக்டருக்கு முகம் சிவந்தது. "நான் இதுக்குன்னு ஒரு காசுகூட வாங்கறதில்லம்மா. ஓசியாத்தான் காட்டறேன். டிவி எப்படியும் ஓடப்போகுது, நாலு பேரு பாத்தா யாருக்கு என்ன தேஞ்சு போச்சு?"

கடைசி வரிசையிலிருந்து தொப்பி அணிந்த தலை ஒன்று எழுந்தது. "கண்டக்டர், இதையேதான் நானும் காலைல கேட்டேன். அதுக்கு நீங்க அரைமணி நேரம் திட்டினீங்க."

வண்டி கொல்லென்று சிரித்தது. கண்டக்டரால் சிரிக்க முடியவில்லை. சுருக்கென்று எங்கோ தைத்தது.

ஜவுளிக்காரர் மட்டும் விடுவதாக இல்லை. "அட, பெரிய நடிகருங்க எல்லாம் கோடி கோடியா வாங்கறாங்க. நாம பஸ்ல பாத்தா அவங்க குடி முழுகிடுமா?"

"கோடி வாங்கறவங்களுக்கு முன்னாடியே குடுத்துடறாங்க ஐயா. கடைசி வரிசைல நிக்கறவங்களுக்குத்தான் மீதி, அப்புறம்ங்கறது எல்லாம். படம் ஓடலைன்னா அந்த அப்புறம் வரவே வராது."

"எங்க வீட்ல அஞ்சு பேரு" என்றார் நர்ஸ், கொஞ்சம் தயங்கி. "எல்லாரும் தியேட்டர் போனா ஒரு வாரச் செலவு போயிடும். அதுக்கு என்ன பண்றது?"

"எல்லாப் படத்தையும் தியேட்டர்ல பாருங்கன்னு யாரும் கேக்கலைங்க. நாலு வாரம் பொறுத்தா முறையாவே டிவில வரும், போன்ல வரும். குறைஞ்ச காசுல வீடே உக்காந்து பாக்கலாம். அதுலயும் எங்களுக்கு ஒரு பங்கு வந்து சேரும். இப்படி வந்தா மட்டும்தான் எங்க கைக்கு ஒண்ணும் வராது."

நர்ஸ் தலையாட்டினார். ஆனால் படம் நின்றது பத்தாவது வளைவில். மருந்துப் பெட்டியோடு அவள் ஜீப்பில் தொங்கிக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்த நாற்பத்து நான்கு பேரின் உயிரும் அவளோடு சேர்ந்து தொங்கியது.

"பேசினது போதும், இன்னிக்கு ஒரு நாளைக்கு முடிச்சிடுங்க கண்டக்டர்" என்றது ஒரு குரல்.

"ஆமா, பாதில நிறுத்தினா எப்படி?"

"இந்தப் படம்னு சொல்லித்தானே ஏத்தினீங்க? நான் குளிர்சாதன வண்டியை விட்டுட்டு இதுல ஏறினேன்" என்றார் ஜவுளிக்காரர். "முழுசாக் காட்டணும். அதான் நியாயம்."

கண்டக்டர் ரிமோட்டோடு நடுவில் நின்றார். பதினோரு வருடத்தில் அந்த வண்டியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. இப்போது எல்லோருடைய கண்ணும் அவர் கட்டைவிரல் மேல். படக் கண்டக்டர் என்ற பெயரும், நிரம்பும் இருக்கைகளும், முதலாளியிடம் வாங்கும் நல்ல பேரும் அந்தக் கட்டைவிரலில்தான் இருந்தன. முன்சீட்டுப் பெண்ணோ அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சியிருந்தால்கூட அவருக்கு மறுக்க வசதியாக இருந்திருக்கும்.

டிரைவர்தான் முதலில் பேசினார். "மச்சான், எனக்கு ஒண்ணு சொல்லணும். நான் இந்தப் படத்தையும் பாக்கல, கேட்டேன். அந்த லாரி மூணாவது கியர்ல இருந்து ரெண்டாவதுக்கு வர்ற சத்தம் இருக்கே, அசல் சத்தம். மலை ஏறினவனுக்குத்தான் அது தெரியும். மத்த படத்துல எல்லாம் லாரி ஏறும், கார் சத்தம் வரும். இதுக்கு எவனோ ராப்பகலா மெனக்கெட்டிருக்கான். அவன் சோத்துலயும் சேத்துத்தான் நாம கைவைக்கறோம்."

கண்டக்டர் எட்டி, டிவியின் பக்கவாட்டில் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கினார். திரை நீலமாகிப் போனது.

ஒரே கூச்சல். ஒருவர் இறங்கிவிடுவதாக மிரட்டினார். சுற்றிலும் வெறும் வயல் என்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஜவுளிக்காரர் மூட்டையைத் தொப்பென்று கீழே வைத்தார். "அப்போ முடிவையாவது இவங்க சொல்லட்டும். அவ மேல ஏறினாளா இல்லையா?"

"சொல்ல மாட்டேன்" என்றார் அந்தப் பெண். இப்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்திருந்தது. "ஆனா எப்படி எடுத்தோம்னு சொல்றேன். கேக்கறீங்களா?"

வேறு வழியில்லாமல்தான் கேட்கத் தொடங்கினார்கள். வண்டி மறுபடி ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில், கூச்சல் போட்டவர்களே வாயைப் பிளந்துகொண்டு முன்னால் சாய்ந்திருந்தார்கள்.

ஆறாவது வளைவு மழை, மழையே இல்லையாம். எலும்பு நடுங்கும் குளிரில் தீயணைப்பு வண்டியின் தண்ணீரை நான்கு நாள் பீய்ச்சியடித்தார்களாம். மலை ஏற ஏறச் சட்டை அழுக்காக வேண்டும் என்பதற்காக ஆடை தைக்கும் அம்மா ஒரே சட்டையை ஒன்பது தைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அளவுக்கு மண்ணில் புரட்டி, கிழித்து, வெயிலில் காயவைத்தாராம். பாறை விளிம்பில் விளக்கைப் பிடித்தவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தொங்கினாராம்; அந்த நேரம் பார்த்து அவருக்குத் தும்மல் வந்துவிட்டதாம். டிரைவர் சொன்ன கியர் சத்தத்தைப் பிடிக்க, ஒலிப்பதிவு செய்யும் பெண் மூன்று நாள் லாரியின் இருக்கைக்கு அடியில் மைக்கோடு சுருண்டு படுத்திருந்தாராம்.

"மூணு நாளா?" என்றார் டிரைவர், திரும்பாமலே. "நான் சொல்லல? நான் சொல்லல?"

கேள்விமேல் கேள்வி பறந்தது. டயர் நிஜமாகவே வெடித்ததா? தம்பியாக வந்தவனுக்கு லாரி ஓட்டத் தெரியுமா? குதிக்கும்போது என்ன நினைத்தீர்கள்?

"ஒண்ணும் நெனைக்கலைங்க. செருப்பு கழண்டுடக் கூடாதேன்னு மட்டும் நெனச்சேன்" என்றார் அவர். வண்டி விழுந்து விழுந்து சிரித்தது.

கண்டக்டர் படியருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டார். இத்தனை வருடமும் அவருக்குப் படம் என்றால் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் பென் டிரைவில் ஏற்றித் தருவது. அந்த ஒரு நிமிடத்துக்குள் இத்தனை பேர் குளிரிலும் தண்ணீரிலும் பாறை விளிம்பிலும் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது. மூன்றே காலுக்கு ஷோ. தியேட்டர், நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. கண்டக்டர் இறங்கும் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"காலைல இந்தப் படத்தைக் காட்டறேன்னு சொல்லித்தான் உங்களை ஏத்தினேன். பாதில நிறுத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க. இப்போ இந்தம்மாவோட நானும் எங்க மாப்ளையும் தியேட்டருக்குப் போறோம். திரும்பற வண்டி ஆறரைக்குத்தான். வரணும்னு தோணறவங்க வாங்க. அவங்கவங்க டிக்கெட்டை அவங்கவங்களே வாங்கணும்."

எல்லோரும் வந்துவிடவில்லை. பாதிப் பேருக்குமேல் பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் வழியில் போனார்கள். ஜவுளிக்காரர், "எனக்குக் கடை இருக்குப்பா. வேற பஸ்ல ஓடாமலா போயிடும்" என்று சொல்லிவிட்டே நடந்தார். ஆனாலும் ஊன்றுகோலின் பின்னால் பதினெட்டுப் பேர் ஊர்வலம்போல் போனார்கள். நர்ஸ் வீட்டுக்குப் போன் செய்து, "லேட்டாகும், வந்து சொல்றேன், பெரிய கதை" என்றார். டிக்கெட் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றவர் தொப்பிக்காரர். கண்டக்டர் புருவத்தை உயர்த்திப் பார்த்ததும், "மறுபடி உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்க முடியாது சாமி" என்றார்.

தியேட்டர் வாசலில் ஒல்லியான ஒரு மனிதர் நின்று, உள்ளே போகும் ஒவ்வொருவரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு நாள் தாடி. கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஊன்றுகோலைக் கண்டதும் ஓடிவந்தார். அவர்தான் டைரக்டர். பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இவங்கெல்லாம் யாரு? எப்படி இத்தனை பேரு? போஸ்டர் பாத்து வந்தீங்களா?" என்று கண்டக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே சுமுகமாக முடிந்திருக்கும். கண்டக்டருக்கு நாக்கு புரளவில்லை. கையை விடுவித்துக்கொண்டார்.

"இல்ல சார். பாதிப் படத்தைத் திருடிப் பாத்தோம். மீதியைக் காசு குடுத்துப் பாக்க வந்திருக்கோம். என் வண்டிலதான் ஓட்டினேன். உங்க படம் மட்டுமில்ல, பதினோரு வருஷமா எல்லார் படத்தையும்."

டைரக்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று கண்டக்டர் எதிர்பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார். அந்த மனிதர் கடைசியில் கேட்டது ஒன்றுதான். "எந்த இடத்துல நிறுத்தினீங்க?"

"பத்தாவது வளைவுல."

"அப்போ நல்லதெல்லாம் இனிமேதான்" என்றார் டைரக்டர். குரல் உடைந்திருந்தது, ஆனால் முகம் சிரித்தது. "போங்க, சீக்கிரம் போங்க, போட்டுடப் போறாங்க."

உள்ளே போகும் வழியில் ஒலிப்பதிவு செய்த பெண்ணும் நின்றிருந்தார்; ஊன்றுகோலை நீட்டி அவரைக் காட்டினார் டூப் பெண். டிரைவர் அவர் முன்னால் போய் நின்று, "அந்த மூணாவதுல இருந்து ரெண்டாவது... நான் பதினோரு வருஷமா மலைல ஓட்டறவன்மா. அச்சு அசல்" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கவனித்ததாக அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லையாம்.

பெரிய திரையில் மறுபடி முதலிலிருந்து படம் ஓடியது. டிரைவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "பழக்கதோஷம் மச்சான். மூடினாத்தான் எனக்குக் கதை புரியுது" என்றார்.

ஒன்பதாவது வளைவு வந்தது. காலையில் எந்த இடத்தை யாரோ ஒருவரின் தலை மறைத்திருந்ததோ, அந்த இடம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. ஜீப்பின் விளிம்பில் விழுந்த கால், ஒரு கணம் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. அரங்கமே கைதட்டியது. கண்டக்டருக்குக் கை எழவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து ஊன்றுகோல் அவர் முழங்காலை இடித்தது.

"தட்டுங்கண்ணே. அதுக்குத்தானே குதிச்சேன்."

அவர் உள்ளங்கை எரியும்வரை தட்டினார். பன்னிரண்டாவது வளைவில் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்வதற்கில்லை. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்பதை மட்டும் சொல்லலாம்.

மாலை ஆறரைக்குத் திரும்பும் வண்டி தயாராக நின்றது. கண்டக்டர் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் செல்போன் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு, "நாளைல இருந்து எனக்கு எதுவும் ஏத்தி வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். இந்த முறை ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூவினார். பக்கத்து வண்டி முன்பே நிரம்பிப் புறப்பட்டுப் போனது.

"ஒன்பது சீட்டு காலி மச்சான்" என்றார் டிரைவர். "முதலாளி கேப்பாரு."

"தெரியும் மாப்ள. நானே போய்ச் சொல்லிக்கறேன். முறையாக் காசு கட்டி வாங்கற படம் இருக்கு, பழசா இருந்தாலும் பரவால்ல, அதுக்கு வழி பண்ணுங்கன்னும் கேக்கறேன். இல்லைன்னா பாட்டுக் கேட்டுட்டு வரட்டும்."

ஏறி உட்கார்ந்திருந்த ஒருவர், வாடிக்கையாக வருபவர், டிவியைக் காட்டினார். "என்னண்ணே, படக் கண்டக்டர் வண்டின்னு ஓடி வந்து ஏறினேன். பெட்டி இருட்டா இருக்கு. பன்னிரண்டாவது வளைவு உங்ககிட்ட இல்லையா?"

"இருந்துது. அழிச்சிட்டேன்."

"அட, ஏண்ணே? ஊரே போன்ல பாக்குது. நீங்க ஒருத்தர் காட்டலைன்னா திருட்டு நின்னுடுமா?"

 காலையில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கண்டக்டரே சேர்ந்து சிரித்திருப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டியிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"நிக்காதுதான் தம்பி. ஆனா என் கையால நடக்காது. படம் எடுக்கறவங்களும், பாட்டு எழுதறவங்களும், கதை எழுதறவங்களும் நம்மள மாதிரி பொழுது விடிஞ்சா வேலைக்குப் போறவங்கதான். அவங்க கூலியை நாம எடுத்துக்கிட்டு, அவங்களுக்கே கைதட்டறது பாராட்டு இல்ல, ஏமாத்து. ஒருத்தர் வேலை உங்களுக்குப் பிடிச்சிருந்தா, அதுக்கு உண்டான விலையைக் குடுத்துட்டு அனுபவிங்க. அதுக்கு வசதி இல்லைன்னா, முறையா வர்றவரைக்கும் காத்திருங்க. ரெண்டும் முடியலைன்னா பாக்காம இருங்க. திருடிப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "இந்த ஊர்த் தியேட்டர்ல கடைசி ஷோ எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு, இறங்குவதா வேண்டாமா என்று பையைத் தூக்கியபடி யோசித்து நின்றார்.

"சீக்கிரம் சொல்லுங்க தம்பி, வண்டியை எடுக்கணும்" என்றார் டிரைவர்.

அந்த வாடிக்கைக்காரர் இறங்கிவிட்டார். காலி இருக்கை பத்தாயிற்று. கண்டக்டர் சிரித்துக்கொண்டே விசிலை ஊதினார்.